ஓட்டுப் போடாமல் இருந்த ஐந்து ஆண்டுகளும் பட்டியலில் இல்லாமல் போன என் பெயரும்

2025 டிசம்பர் 19 அன்று தமிழகத்தின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானதிலிருந்து, எங்கள் தெருவிலும் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் பத்துப் பேருக்குக் குறையாமல் என்னிடம் வந்து, "உங்கள் பெயர் விட்டுப்போனபோது நீங்கள் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் அந்த வரைவில் இடம்பெறவில்லை என்பதால் கேள்வி கேட்பவர்கள் இன்னும் வருவார்கள் என்றே தோன்றுகிறது. 2024-இல் நான் தனியாக அலைந்தபோது இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. ஆகவே, ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதைக் காட்டிலும் நடந்ததை முதலிலிருந்தே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன். என் பெயர் பட்டியலிலிருந்து போனதற்கு முன்பே, அரசியலிலிருந்து நான் என்னை எடுத்துவிட்டிருந்தேன். அந்தக் கதையையும் மறைக்காமல் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும்.

நான் பிறந்து வளர்ந்தது வேலூர் கொசப்பேட்டையில். என் தந்தை படித்தது எட்டாம் வகுப்பு வரைதான், ஆனால் டீக்கடையில் நாளிதழை உரக்கப் படித்து நான்கு பேருக்கு விளக்கம் சொல்லாமல் அவருக்குக் காலை விடியாது. கோட்டை மைதானத்தில் எந்தக் கட்சித் தலைவர் பேசினாலும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவார். வாக்குப்பதிவு நாளில் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு முன்பே எல்லோரும் குளித்திருப்போம். தந்தை, தாய், அண்ணன், நான் என்று வரிசையாக நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் இட்லி கிடைக்கும். தந்தை இறந்த பிறகும் தாய் அந்த வழக்கத்தை விடவில்லை. தெருக்கோடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அவர் குடிபோனபோது பெயரையும் அந்த முகவரிக்கு மாற்றச் சொன்னதே அவர்தான். 2016-இல் அவரும் காலமானார். 2018-இல் நான் மனைவி, மகளோடு பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினேன். பெயரை மட்டும் கொசப்பேட்டையிலேயே விட்டுவைத்தேன். ஒரே மாநகராட்சிதானே, பேருந்தில் பதினைந்து நிமிடம்தானே என்ற அலட்சியம்தான் காரணம்.

இங்கேதான் என் முதல் அறியாமை இருந்தது. காட்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இருந்தாலும் வேலூர் மக்களவைத் தொகுதியில் இல்லை, அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் நாடாளுமன்ற உறுப்பினரே மாறிவிடுகிறார். இதை நான் உறைக்கத் தெரிந்துகொண்டது 2019 ஏப்ரலில். 18-ஆம் தேதி வாக்குப்பதிவு நடக்கவிருந்த நிலையில், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து, வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் 16-ஆம் தேதி மாலை ரத்து செய்யப்பட்டது. அன்று இரவு தொலைக்காட்சியின் முன் நான் அமர்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. மறுநாள் கழித்து எங்கள் தெருவே விரலில் மையோடு திரும்பி வந்தது, ஏனென்றால் அவர்கள் அரக்கோணம். ஆம்பூரிலும் குடியாத்தத்திலும்கூடச் சட்டமன்ற இடைத்தேர்தல் அதே நாளில் நடந்தது. எனக்கு மட்டும் வாக்கு இல்லை. யாரோ கொடுக்க நினைத்த பணத்துக்கும் யாரோ வாங்க நினைத்த பணத்துக்கும், ஒரு ரூபாயும் வாங்காத நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்ற கோபம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஆகஸ்ட் 5-இல் வேலூருக்குத் தனியாகத் தேர்தல் நடந்தபோது, வேண்டுமென்றே நான் போகவில்லை.

அந்தக் கோபம் ஒருநாளில் வந்ததல்ல. அதற்கு முந்தைய தேர்தல்களிலேயே, தெருவில் வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தில் பெயரைக் குறித்துக்கொண்டு போவதையும், எங்கள் வீட்டில் இத்தனை ஓட்டு என்று எண்ணி விலை போடுவதையும் பார்த்து மனம் கசந்திருந்தேன். நாடாளுமன்றம் நடக்கும் நாளெல்லாம் கூச்சலும் ஒத்திவைப்பும்தான் செய்தியாக வந்தன. தில்லியில் யார் அமர்ந்தாலும் நம் அடுப்பில் எரிவது நம் விறகுதான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். செய்திச் சேனல்களை நிறுத்தினேன். அரசியல் பேச்சு வந்தால் எழுந்து போனேன். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கும் போகவில்லை, 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலுக்கும் போகவில்லை. "நான் ஓட்டுப் போடுவதில்லை" என்று சொல்வதில் ஒரு பெருமிதமே எனக்கு இருந்தது. என் விலகல் ஒரு கண்டனம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அது கண்டனமாக எங்கும் பதிவாகவில்லை என்பதைப் பின்னால் கணக்குப் பார்த்தபோது உணர்ந்தேன். 2019 ஆகஸ்டில் வேலூர் தொகுதியில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாக்களிக்கவில்லை. வெற்றி வித்தியாசமோ வெறும் 8,141 வாக்குகள். அந்த நான்கு லட்சத்தில் கோபத்தால் வராதவர் யார், வெளியூரில் வேலையில் இருந்தவர் யார், உடல்நலமில்லாதவர் யார், இறந்தும் பட்டியலில் இருந்தவர் யார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அதே தேர்தலில் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானோர் நோட்டாவை அழுத்தினார்கள். அந்த எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம் என்பதால் மறுநாள் செய்தியில் வந்தது. நோட்டாவுக்குச் சட்டப்படி வேட்பாளரைத் தோற்கடிக்கும் வலிமை கிடையாது. நோட்டாவே முதலிடம் பெற்றாலும் அடுத்து வரும் வேட்பாளர்தான் வென்றவர். ஆனாலும் அது எண்ணப்படுகிறது, அச்சில் ஏறுகிறது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா வருவதற்கு முன்பு 49-ஓ விதியின் கீழ் கையெழுத்துப் போட்டு வாக்களிக்க மறுத்தவர்கள்கூட வாக்குச்சாவடி வரை போனவர்கள்தான். எல்லா வேட்பாளர்கள் மீதும் கசப்பு இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான்: கசப்போடு உள்ளே போய் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்துங்கள், வீட்டில் இருக்காதீர்கள்.

தில்லிக்கும் எங்கள் அடுப்புக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் என் பிழைப்பு தில்லியின் முடிவுகளால் ஆடிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் காலணி மேற்பாகம் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் கணக்கு எழுதுகிறேன். 2022 ஜனவரி 1 முதல் ஆயிரம் ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட செருப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமானதையும், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை மீண்டும் 5 ஆனதையும் என் கையால்தான் பதிவேட்டில் மாற்றினேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, எங்களிடம் ஓவர்டைம் நின்றது, தையல் பெண்கள் பலர் வாரத்தில் நான்கு நாள் மட்டும் வந்தார்கள். இவற்றைப் பற்றி நாடாளுமன்றத்தில் நமக்காக ஒருவர் எழுந்து பேசினாரா என்று கேட்கும் உரிமையை நான் என் வாயால் விட்டுக்கொடுத்திருந்தேன். பாலாற்றைத் தோல் கழிவு கெடுக்கிறது என்று வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்புப் பெற்ற மாவட்டம் இது. என் தந்தை அந்தத் தீர்ப்புச் செய்தியை டீக்கடையில் இரண்டு முறை படித்தார். அவருடைய மகன் தெருவில் தோண்டிய பள்ளத்தை மூடச் சொல்லிக் கேட்கப் போனபோது, "சார், உங்க ஓட்டு எந்த வார்டுல இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன்.

என்னை மாற்றியது என் மகள். 2023 நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. கல்லூரியில் நடந்த முகாமிலேயே படிவம் கொடுத்துக் காட்பாடி முகவரியில் பெயரைச் சேர்த்துவிட்டாள். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலையில் அவள் குளித்துவிட்டு வந்து, "அப்பா, நீங்க போகலையா?" என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் தாயின் முகம் நினைவுக்கு வந்தது. நானும் மனைவியும் பழைய வாக்காளர் அட்டைகளை எடுத்துக்கொண்டு கொசப்பேட்டைக்குப் பேருந்து ஏறினோம்.

பள்ளிக்கூட வாசலில் கட்சிக்காரர்களின் மேசையில் எங்கள் பெயர் இல்லை. உள்ளே அலுவலர் வைத்திருந்த பட்டியலிலும் இல்லை. பக்கத்து அறையில் பாருங்கள் என்றார்கள், அங்கும் இல்லை. வாக்குச்சாவடி பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லி இன்னொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மூன்றாவது இடத்துக்கு ஆட்டோவில் போனோம். ஏப்ரல் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு, முதல் பள்ளியிலேயே, வயதான கட்சி முகவர் ஒருவர் இரக்கப்பட்டுப் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இடம்பெயர்ந்தவர் என்று குறித்து எங்கள் இருவர் பெயரும் நீக்கப்பட்டிருப்பதைச் சொன்னார். வீட்டுக்கு வீடு சரிபார்ப்பு நடந்தபோது, எங்களுக்குப் பின் குடிவந்தவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: "அவங்க போயி பல வருஷம் ஆச்சு." அதே பக்கத்தில், அண்ணன் வீட்டு எண்ணுக்கு எதிரே, என் தாயின் பெயரும் படமும் இருந்தன. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தைப் பார்த்ததும் அந்தப் பள்ளி வராந்தாவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுபது வயதிலும் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை.

இந்த இடத்தில் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று ஆளுக்கொரு தவறான தகவலைத் தந்தார்கள். தொடர்ந்து ஓட்டுப் போடாததால் பெயரை நீக்கிவிடுவார்கள் என்பது உண்மையல்ல. வீடு மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பதிந்தவர் போன்ற காரணங்களுக்காகத்தான் நீக்கம் நடக்கிறது. ஆனால் தேர்தல் பக்கமே திரும்பாதவருக்குத் தன் பெயர் போனது தெரிய வழியில்லை, எனக்கு நேர்ந்தது அதுதான். அடுத்து, கையில் அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்ற ஆவணங்களைக் காட்டி வாக்களிக்கலாம், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. ஓர் இளைஞர் "49-பி கேளுங்க சார்" என்று உறுதியாகச் சொன்னார், நானும் அலுவலரிடம் சற்றுக் குரல் உயர்த்திவிட்டேன். அந்த விதி, பட்டியலில் உள்ள உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டால் உங்களுக்குத் தனி வாக்குச்சீட்டு தருவதற்கானது. பெயரே இல்லாதவருக்கு அது பொருந்தாது. அந்த அலுவலரிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். வாக்குப்பதிவு நாளன்று பெயரைச் சேர்க்க எந்த வழியும் கிடையாது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு விழித்துக்கொண்டாலும் வேட்புமனுத் தாக்கல் முடிவதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆகவே, தேர்தல் இல்லாத மாதத்தில், 1950 என்ற எண்ணிலோ தேர்தல் ஆணைய இணையதளத்திலோ பெயரைப் பார்த்துவிடுங்கள்.

ஜூன் 4 அன்று முடிவுகள் வந்த பிறகு விண்ணப்ப வேலையைத் தொடங்கினேன். முதல் முறை ஒரு பிரவுசிங் சென்டரில் 150 ரூபாய் கொடுத்து, முகவரி மாற்றம்தானே என்று படிவம் 8 போட்டேன். அது பட்டியலில் பெயர் இருப்பவர் இடம் மாற்றவும் திருத்தவும் உள்ள படிவம். பெயர் நீக்கப்பட்டவருக்கு அது செல்லாது என்று தெரியவே ஐந்து வாரம் ஆயிற்று. மறுபடி சேர படிவம் 6 தான். இதற்கிடையில் ஓர் இடைத்தரகர், 500 ரூபாய் கொடுத்தால் உடனே முடித்துத் தருவதாகச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, கொசப்பேட்டையில் ஒன்றும் காட்பாடியில் ஒன்றுமாக இரண்டு விண்ணப்பம் போடலாம், எது கிடைத்தாலும் லாபம் என்றார். இரண்டு இடத்தில் பதிவு செய்வது சட்டப்படி கூடாது, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. நான் மறுத்தேன், பணம் திரும்பி வரவில்லை. விண்ணப்பத்துக்கு அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. கைப்பேசியிலேயே போட்டுவிடலாம் என்பதை என் மகள் பிறகு பத்து நிமிடத்தில் காட்டினாள்.

இரண்டாம் முறை, அதே சென்டரில் மற்றொரு 150 ரூபாய் கொடுத்துப் படிவம் 6 போட்டேன். என் ஆதாரில் கொசப்பேட்டை முகவரி, மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில், வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்படாத வெறும் முத்திரைத்தாள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வந்த இரண்டு நாளும் நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம், வீடு பூட்டியிருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் குறுஞ்செய்தியைப் படித்தபோது, நான் எந்த ஊர்க்காரன் என்பதையே யாரோ மறுத்துவிட்டதைப் போல இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், பழைய கசப்பு அவ்வளவு எளிதாகத் திரும்பி வந்தது.

வழியைக் காட்டியவர் அந்த அலுவலர்தான். அங்கன்வாடியில் வேலை செய்யும் பெண்மணி. நவம்பரில் வாக்குச்சாவடியில் நடந்த ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு நாங்கள் போனபோது, "அண்ணா, உங்க பொண்ணு பேரு இதே அட்ரஸ்ல இருக்குதே, அந்தப் பொண்ணோட ப்ரூஃபே போதும்" என்றார். விண்ணப்பதாரரின் பெயரில் முகவரிச் சான்று இல்லாவிட்டால், அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளை ஆகியோரில் ஒருவருடைய சான்றை இணைக்கலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. நாங்கள் அந்த வரியைப் படிக்கவே இல்லை. மகளின் ஆதார் நகலில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். விசாரணை நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று வீட்டிலேயே இருந்தேன். அலுவலரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதும், வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைப்பதும் எவ்வளவு முக்கியம் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2025 ஜனவரி 6 அன்று வந்த இறுதிப் பட்டியலில், மகளின் பெயருள்ள அதே பாகத்தில், எங்கள் இருவர் பெயரும் இருந்தன.

விடுப்பு தீர்ந்துவிட்டதால் நான்கு நாள் சம்பளப் பிடித்தம் 3,400 ரூபாய், ஆட்டோவும் பேருந்துமாக 460, சென்டருக்கு 300, இடைத்தரகருக்கு 500. மொத்தம் 4,660 ரூபாய், ஏழு மாதம். வாக்குப்பதிவு நாள் அந்தக் கணக்கில் சேராது. அன்று தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, எங்கள் தொழிற்சாலையும் கொடுத்தது. பணம் போனதைவிட, 2029 வரை மக்களவைக்கு நான் வாக்களிக்க முடியாது என்பதுதான் உறுத்துகிறது. 2019-இல் போடாதது என் முடிவு, 2024-இல் போட முடியாமல் போனது அந்த முடிவின் விளைவு. பத்தாண்டுக் காலம் நாட்டின் ஆட்சியைத் தீர்மானித்ததில் எனக்குப் பங்கே இல்லை.

தாயின் பெயரை நீக்கப் படிவம் 7-ஐ இறப்புச் சான்றிதழோடு கொடுத்தது நானும் அண்ணனும்தான். கை நடுங்கியது. ஆனாலும், இறந்தவர் பெயரில் வேறொருவர் வாக்களிக்க இடம் விட்டுவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது என்று அண்ணனைச் சமாதானப்படுத்தினேன்.

2025 நவம்பர் 4 அன்று, வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்ஐஆர்) தொடங்கியபோது, இந்த முறை நாங்கள் காத்திருந்தோம். தொடக்கத்தில் நான் சொன்ன வரைவுப் பட்டியல் இதில் வந்ததுதான். அதே பெண்மணிதான் மூன்று படிவங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் "எங்களுக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று படிவத்தை வாங்காமலேயே அனுப்பப் பார்த்தார்கள். அந்த வீடுகளுக்கு அன்று மாலை நான் அவரோடு கூடப் போனேன், ஐந்து வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். படிவத்தில் இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலின் விவரம் கேட்டிருந்தார்கள். மகள் இணையத்தில் கொசப்பேட்டையின் அந்தப் பழைய பட்டியலைத் தேடி எடுத்தாள். தந்தை, தாய், அண்ணன், நான் என்று அடுத்தடுத்த வரிசை எண்களில் நான்கு பெயரும் இருந்தன. அந்தப் பட்டியல் தயாரானபோது அவள் பிறக்கவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் பெற்றோரின் விவரத்தை எழுத வேண்டும் என்பதால், தன் படிவத்தில் என் பெயரையும் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்துப் பார்த்து எழுதினாள்.